பார்க்கின்சன்: கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தால் கால் ஏன் நிற்கிறது?

பிசியோ_மாணவி: தனியாக நடக்கும்போது நோயாளியின் நடை சுமாராக இருக்கிறது. 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னதும் அடி குறுகி, வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது (உறைதல்). தசை வலுவில் குறையில்லை. தலையில் ஒளி பாய்ச்சி மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் எஃப்நிர்ஸ் ஆய்வுகளில் இவர்களுக்குச் சும்மா நடக்கும்போதே முன்நெற்றி மூளை கூடுதலாக வேலை செய்கிறதாம். அது நல்லதா, கெட்டதா? பயிற்சியில் இரட்டை வேலை கொடுக்கலாமா?

நரம்பியல்_வார்டு: பழகிப்போன நடையை ஓட்டுவதில் மூளையின் ஆழத்திலுள்ள பியூட்டமெனின் பின்பகுதிக்குப் பெரிய பங்கு. அசைவைச் சீராக்கும் வேதிப்பொருளான டோபமின் முதலில் வற்றுவதும் அங்கேதான். பிறகு ஒவ்வொரு அடியையும் கவனம் வைத்து எடுக்கவேண்டியதாகிறது. நீங்கள் சொல்லும் கூடுதல் செயல்பாடு பெரும்பாலும் அந்த ஈடுகட்டல். கவனம் முழுதும் காலுக்கே போனால் கழித்தலுக்கு எதுவும் மிஞ்சாது. நடைவேகத்தையும் விடைகள் சரியா என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் நல்லது, கெட்டது என்று சொல்லமுடியாது.

சிக்னல்_மேசை: எஃப்நிர்ஸ் படங்களைப் பார்த்து மயங்கவேண்டாம். ஒளிமூலத்துக்கும் உணரிக்கும் வழக்கமாக 3 செ.மீ. இடைவெளி, ஒளி மூளையின் வெளி அடுக்கான புறணியின் மேற்பரப்போடு சரி, பியூட்டமென் வரை எட்டாது. நெற்றித்தோலின் ரத்த ஓட்டமும் கலந்துவிடும். அதைக் கழிக்க மூலத்துக்கும் உணரிக்கும் 8 மி.மீ. அளவே இடைவெளியுள்ள குறுகிய சானல் வேண்டும். ரத்த ஓட்டம் உச்சம் தொட 5-6 விநாடி ஆகும், எனவே 30 விநாடி நடை, அடுத்து அசையாமல் நிற்பது என்று மாற்றி மாற்றி எடுங்கள். உட்கார்ந்து கழிக்கும்போது என்ன வருகிறது என்றும் தனியாக எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

நடைப்பயிற்சி: இரட்டை வேலை கொடுக்கலாம். நோயின் தீவிரத்தைக் குறிக்கும் ஹோன்-யார் அளவுகோலில் 2, 3 நிலையில் உள்ள 121 பேரிடம் நடந்த டுவாலிட்டி ஆய்வில் (2017) இரு வேலையையும் தனித்தனியாகப் பழக்கினாலும் சேர்த்துப் பழக்கினாலும் இரட்டை வேலையின்போது நடைவேகம் கூடியது; விழும் அபாயம் குறிப்பிடும்படி ஏறவில்லை. அடிக்கடி உறைபவர்களுக்கு இதை அப்படியே நீட்டாதீர்கள்.

முதலில் அடி எடுக்க உதவும் குறிப்புகள், கண்ணுக்கும் காதுக்கும். நடக்கும் திசைக்குக் குறுக்காக, தரைநிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியும் டேப், அவர் இப்போது வைக்கும் அடியைவிடச் சற்றே கூடிய இடைவெளியில். நீளவாக்கில் ஒட்டிய கோடு பயன் தராது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை அவரது இயல்பான தாளத்தில் தொடங்குங்கள். வேகத்தை ஏற்றினால் அடி குறுகி உறைதல் வரலாம். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து வரவேண்டும்.

உறைந்துவிட்டால் கூட இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. உடல் முன்னால் போகும், பாதம் போகாது, விழுவார். பேச்சை நிறுத்தி, நிமிர்ந்து, எடையை இடம் வலமாக மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி.

பிசியோ_மாணவி: மாத்திரைக்கு முன்பா பின்பா சோதிப்பது?

நரம்பியல்_வார்டு: இரண்டிலும், தனித்தனியாகக் குறித்து. டோபமினை ஈடுகட்டும் மருந்தான லெவோடோபா வேலைசெய்யும்போது உறைதல் குறைந்தால் மருந்து நேரத்தைச் சீராக்கிப் பார்க்கலாம், அது மருத்துவர் முடிவு. அப்போதும் உறைந்தால் மருந்தின் அளவைக் கூட்டுவதால் பெரும்பாலும் தீராது, சிலருக்கு மோசமாகவும் ஆகும்.