நுவரெலியாவுல ஹீலியம் பலூன் தூக்குற எடை குறையுமா?

கொழுந்துமலை:
பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி நுவரெலியாவுல. 10 கிறாம் கடதாசிப் பெட்டி ஒன்றை, 30 செ.மீ. விட்டமுள்ள ஒரே றப்பர் பலூனால தூக்கிக் காட்டணும். கொழும்புல தூக்கும், மலையில தூக்காதுன்னு சொல்றாங்க. ஹீலியம் ரெண்டு இடத்துலயும் ஒன்னுதானே? கொழும்புலயே நிரப்பி வேன்ல கொண்டு வந்தா சரி வருமா?

பௌதிகம்_படிப்போம்:
பலூனைத் தூக்குறது ஹீலியம் இல்லைங்க டீச்சர், சுத்தியிருக்கிற வளி. பலூனோட அடியில வளியமுக்கம் உச்சியில இருக்கிறதை விடக் கொஞ்சம் கூட. நுவரெலியாவுல 30 செ.மீ. உயரத்துக்கு அந்த வித்தியாசம் சுமார் 3 பஸ்கால்தான், ஆனா மேலுதைப்பு முழுக்க அதுல இருந்துதான் வருது. பலூன் இடம்பெயர்த்த வளியோட நிறை எவ்வளவோ, அவ்வளவு மேலுதைப்பு. ஹீலியம் செய்றது, குறைஞ்ச எடையில அந்த இடத்தை நிரப்பி வைக்கிறது மட்டும்தான்.

இனி கணக்கு. 30 செ.மீ. பலூனோட கனவளவு 14 லீற்றர். கொழும்புல ஒரு லீற்றர் வளி 1.17 கிறாம் அளவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அமுக்கம் 810 ஹெக்டோபஸ்கால் பக்கம், அதனால 0.98 கிறாம்தான். அங்கே மேலுதைப்பு 13.8 கிறாம். ஹீலியம் 1.9, றப்பர் 3 கிறாம் கழிச்சா மிச்சம் 8.9. பெட்டி எழும்பாது. கொழும்புல மிச்சம் 11க்கு மேல, அங்கே எழும்பும்.

பலூன்_வேலை:
கீழே நிரப்பிக் கொண்டு வர்றதுல ஒரு விசயம் இருக்கு. மலையேற ஏற பலூன் விரியும், வளியும் ஐதாகும். ரெண்டும் ஈடாகிறதால தூக்குற எடை குறையவே குறையாது. சிக்கல் றப்பர்ல: கனவளவு ஐந்தில் ஒரு பங்கு கூடி, 30 செ.மீ. 32 ஆகிரும். ஏற்கெனவே இறுகின பலூன் றம்பொடை வளைவுகளைத் தாண்டும்போதே வெடிக்கலாம். பளபளப்பான தாள் பலூன் இழுபடவே இழுபடாது, ஒட்டு பிரிஞ்சிரும். அதைச் சுருக்கம் தெரியிற மாதிரி, ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்புங்க.

உங்களுக்கு நல்ல வழி, நுவரெலியாவுல அன்னைக்குக் காலையிலயே 28 செ.மீ. பலூன் ரெண்டு நிரப்புறது. ஒவ்வொன்னும் 6.5 கிறாம் தூக்கும். ஹீலியம் றப்பர் வழியா கசியும், முதல் நாள் ராத்திரியே நிரப்பி வைக்காதீங்க. மெல்லிய தையல் நூல் கட்டுங்க, ரிபன் கட்டினா அதோட எடையே தின்னுரும். சோதிக்க, நகைத் தராசுல ஒரு இரும்பு நட்டை வைச்சு எடையைக் குறிச்சுக்கிட்டு, அதுல பலூனைக் கட்டுங்க. எவ்வளவு குறையுதோ அதுதான் தூக்குற எடை.

கொழுந்துமலை:
ரெண்டு பலூனுக்கே மாத்துறேன். ஐதரசன் ஹீலியத்துல பாதி எடைதானே, அப்ப ரெண்டு மடங்கு தூக்குமா?

பௌதிகம்_படிப்போம்:
இல்லைங்க. வளியோட மூலர்த் திணிவு (அதாவது ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகளோட எடை, கிறாம்ல) 29, ஹீலியம் 4, ஐதரசன் 2. வித்தியாசம் 25க்குப் பதிலா 27, அதாவது 8 சதவீதம்தான் கூட. ஐதரசன் வளியில 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தா தீப்பொறி பட்டதும் பத்தும். பிள்ளைகள் நிக்கிற மண்டபத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஹீலியத்தையும் சிலிண்டர்ல இருந்து யாரும் வாயில இழுக்க விடாதீங்க. ஒட்சிசன் இல்லாம மயங்கி விழுவாங்க, அமுக்கத்துல நுரையீரல் கிழியவும் கூடும்.