டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ் வேலைக்கு ஒன்றரை லட்சம் கட்டிப் படிக்கலாமா?

நெல்லைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். ஹேக்கிங்கை விட, எல்லாம் நடந்து முடிந்த பிறகு யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று தோண்டிப் பார்க்கிற பக்கம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் ஒன்றரை லட்சம் கட்டினால் சி.இ.எச். (எத்திக்கல் ஹேக்கிங் சர்டிஃபிகேட்), ஃபாரன்சிக்ஸ் இரண்டும் சொல்லித் தந்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். அப்பா கடன் வாங்கித் தரத் தயார், எனக்குத்தான் மனசு வரவில்லை. கட்டலாமா? அரசு லேபில் சேர என்ன வழி? கோடிங் சுமார்தான்.

நைட்ஷிஃப்ட் நாதன்:
தம்பி, கட்டாதே. சி.இ.எச். இருந்தால் சில கம்பெனி எச்.ஆர். ஃபில்டரைத் தாண்டலாம், அவ்வளவுதான், அதை வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி செலவிலேயே எழுதிக்கொள்ளலாம். ஃபாரன்சிக் அனலிஸ்ட் என்ற பெயரிலேயே முதல் வேலை கிடைப்பது அபூர்வம், எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் எஸ்.ஓ.சி. (கம்பெனி நெட்வொர்க்கில் தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் பிரிவு) வழியாக வந்தவர்கள். ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து அலர்ட் பார்க்கிற வேலை, சலிப்பாக இருக்கும், ஆனால் லாக் (கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவு) படிக்கக் கண் பழகுவது அங்கேதான். விண்டோஸ் லாகில் 4625 (லாகின் தோல்வி) வரிசையாக வந்து கடைசியில் அதே அக்கவுன்ட்டில் ஒரு 4624 (லாகின் வெற்றி) விழுந்தால் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டான் என்று சந்தேகப்படலாம், கொஞ்ச நேரத்தில் 1102-ம் வந்தால் லாகையே அழித்திருக்கிறான். 2022-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும், 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், அதனால் இந்த வேலைக்கு ஆள் தேவை இருக்கிறது. முதலில் நெட்வொர்க்கிங்கும் லினக்ஸும் ஒழுங்காகப் படி.

லேப் அக்கா:
நாதன் சொன்ன வழி கம்பெனி பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சரி. நான் தனியார் லேபில் ஹார்ட் டிஸ்க்கும் போனும் பார்க்கிறவள், இங்கே வேலை கொஞ்சம் வேறு. டூலை ஓட்டுவதை ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். டூல் காட்டியது உண்மைதானா என்று சோதிக்கத் தெரிய வேண்டும், புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். உதாரணத்துக்கு நேரம். விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட் நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வைக்கும், ஃபேட் ஃபார்மட்டில் உள்ள பென் டிரைவ் உள்ளூர் நேரத்தில் வைக்கும். யு.டி.சி.யில் 18:45 என்று இருப்பதை மாலை ஆறே முக்கால் என்று அப்படியே எழுதிவிட்டால் போச்சு, நம் நேரப்படி அது நள்ளிரவு தாண்டி 12:15, தேதியே மாறிவிடுகிறது, அந்த நேரத்தில் ஆபீஸில் யார் இருந்தார் என்ற கேள்விக்குப் பதிலும் மாறிவிடுகிறது. குரோம் ஹிஸ்டரியில் இன்னும் கூத்து, அது 1601 ஜனவரி 1-இலிருந்து மைக்ரோசெகண்டில் எண்ணும்.

கோடிங் சுமார் என்றால் பயப்படாதே. குரோம், வாட்ஸ்அப் எல்லாம் தகவலை எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸில்தான் வைக்கின்றன, அதனால் டேட்டாபேஸில் தேட உதவும் எஸ்.க்யூ.எல். நன்றாகத் தெரியட்டும், பைத்தான் கொஞ்சம் போதும். எஃப்.டி.கே. இமேஜர் (டிஸ்க்கை நகலெடுக்க), ஆட்டோப்சி (அந்த நகலை ஆராய), வோலட்டிலிட்டி (ரேமில் இருந்ததை ஆராய) மூன்றும் இலவசம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் பயிற்சிக்கென்றே டிஸ்க் இமேஜ்களை (டிஸ்க்கின் முழு நகல்களை) வெளியிட்டிருக்கிறது, ஒன்றை எடுத்து முழுதாக ஆராய்ந்து பத்துப் பக்கம் ரிப்போர்ட் எழுது. என்னிடம் இன்டர்வியூவுக்கு வருகிறவர்களில் சர்டிஃபிகேட் அடுக்குகிறவர்கள் நிறையப் பேர், ரிப்போர்ட் காட்டுகிறவர்கள் அபூர்வம்.

அரசு லேப் என்றால் தமிழ்நாடு தடய அறிவியல் துறை. டி.என்.பி.எஸ்.சி.யின் ஜூனியர் சயின்டிஃபிக் ஆபீசர் அறிவிப்பு பழையது ஒன்றை எடுத்து எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று பார், மேல்படிப்பை அதற்கேற்ப முடிவு செய். காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ் இருக்கிறது. ஒன்றரை லட்சத்தை அந்த மாதிரி இடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல் அப்பாவிடம்.

கருப்புக்கோட்டு:
வக்கீல் பக்கத்திலிருந்து ஒன்று. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய பழைய 65பி இப்போது பிரிவு 63. அதில் உள்ள சான்றிதழ் படிவத்தில் இரண்டாம் பாகத்தை நிபுணர்தான் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பும் (தகவல் மாறவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான எண்) எழுத வேண்டும். இது பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 176(3) வேறு, 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது, மாநிலங்களுக்கு 5 வருட அவகாசம். ஆக ஆள் எடுத்துத்தான் ஆக வேண்டும், எப்போது எடுப்பார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம். கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, போனைக் கைப்பற்றியதிலிருந்து லேபுக்கு வரும் வரை யார் யார் கையில் இருந்தது என்பதைத்தான். அந்தக் காகிதம் சரியாக இல்லாவிட்டால் உங்கள் டூல் எவ்வளவு விலையாக இருந்தும் பிரயோஜனமில்லை.

நெல்லைக்காரன்:
ரொம்ப நன்றி. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவருக்கும் நிம்மதி. அக்கா, என் லேப்டாப்பில் 8 ஜி.பி. ரேம்தான், ஆட்டோப்சி ஓடுமா?

லேப் அக்கா:
ஓடும், மெதுவாக. எல்லா மாட்யூலையும் ஒரே நேரத்தில் டிக் செய்யாதே, கீவேர்ட் சர்ச்சைத் தனியாக ராத்திரியில் ஓடவிட்டுத் தூங்கப் போ. இமேஜ் சின்னதாக எடு. முடித்ததும் ரிப்போர்ட்டை இங்கேயே போடு, கிழித்துத் தருகிறேன்.