8 ஜிபி லேப்டாப்ல காளி லினக்ஸ் நேரா போடலாமா, விஎம்லயா?

மடிவாளா_பையன்:
வணக்கம் ப்ரோஸ். மதுரைல காலேஜ் முடிச்சிட்டு இப்ப பெங்களூர்ல ஜாவா டெவலப்பர், பிடிஎம் பக்கம் பிஜில இருக்கேன். சைடுல செக்யூரிட்டி டெஸ்டிங் கத்துக்கணும். லேப்டாப் 8 ஜிபி ரேம், விண்டோஸ் மூச்சு வாங்குது, தூக்கிடலாம்னு இருக்கேன். ஹேக்கிங் டூல்ஸோட வர்ற காளி லினக்ஸ நேரா போட்டுடவா, இல்ல சாதாரண லினக்ஸான உபுண்டு போட்டு உள்ள விஎம்மா (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்)? கோடிங்கும் இதுலயேதான். முதல்ல பிஜி வைஃபைல ட்ரை பண்ணிப் பாக்கலாம்னு ஐடியா.

ரூட்_ராஜா:
நேரா காளி போடு தம்பி. 8 ஜிபில விஎம் ஓட்டினா ப்ரவுசர்ல நாலு டேப், பக்கத்துல வெப்சைட் டெஸ்டிங் டூல் பர்ப் சூட், அதோட படுத்துரும். காளியும் உபுண்டு மாதிரி டெபியன் லினக்ஸ் வழிதான, உன் கோடிங் டூல்ஸ் இன்டெல்லிஜே, டாக்கர் எல்லாம் ஓடும். எப்பவும் ரூட்லயே (முழு அதிகாரம் உள்ள அக்கவுண்ட்) லாகின் ஆகும்னு பழைய கதை சொல்லுவாங்க, அத 2020லயே மாத்திட்டாங்க. அப்புறம் வைஃபை டெஸ்டிங்னா விஎம்க்கு லேப்டாப்போட உள் கார்டு வைஃபையாவே தெரியாது, மானிட்டர் மோடு (சுத்தி வர்ற வைஃபை சிக்னல் எல்லாத்தையும் கேக்குறது) வர்ற யூஎஸ்பி அடாப்டர் தேடி எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற எஸ்பி ரோடு பூரா அலையணும்.

பழைய_சர்வர்:
முதல்ல அந்த பிஜி வைஃபை ஐடியாவ விடுப்பா. ஓனர் கிட்ட எழுதி வாங்காம கை வச்சா ஐடி ஆக்ட் 43, 66 ரெண்டும் பாயும், 3 வருஷம் வரைக்கும் உள்ள, இல்லன்னா 5 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேர்த்தும் போடலாம். பழைய ரவுட்டர் ஒண்ணு வாங்கி அதுல விளையாடு.

ராஜா, டெவலப்மென்ட்டுக்கு பொதுவான டெஸ்க்டாப் தேடுறவங்க, லினக்ஸுக்குப் புதுசா வர்றவங்க இத எடுக்க வேணாம்னு காளி டாக்குமென்ட்லயே போட்டிருக்கான், நீ என்னடான்னா அப்படி ஒரு பையன் கிட்டயே போடுங்குற. அது டெபியனோட சோதனை வெர்ஷன் டெஸ்டிங்ல இருந்து வர்ற, அப்டேட் வந்துட்டே இருக்குற ரோலிங் டிஸ்ட்ரோ. 2024 மார்ச்ல எக்ஸ்இஸட்ங்குற கம்ப்ரெஷன் டூல்ல ஒளிச்சு வச்ச பேக்டோர் வந்தப்ப 26ல இருந்து 29க்குள்ள அப்டேட் அடிச்ச காளி மெஷினுக்கெல்லாம் அது வந்துச்சு, டெபியன் ஸ்டேபிள்ல இருந்தவனுக்கு ஒண்ணுமில்ல.

ரூட்_ராஜா:
வந்துச்சு சரி, அது குறி வச்சது எஸ்எஸ்ஹெச் சர்வர, அதாவது வெளில இருந்து லாகின் பண்ற சர்வீஸ. காளில அந்த சர்வீஸ் தானா ஸ்டார்ட் ஆகவே ஆகாது, நாமதான் ஆன் பண்ணணும். பாதி கதை சொல்லி பையன பயமுறுத்தாதீங்கண்ணே.

சில்க்போர்டு_சிவா:
ஏன் விண்டோஸ தூக்கணும்? விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல் 2ல காளி மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயே கிடைக்குது, வின்-கெக்ஸ் போட்டா டெஸ்க்டாப்பே வருது. க்ளையன்ட் பக்கம் முக்காவாசி விண்டோஸ் நெட்வொர்க்க மேனேஜ் பண்ற ஆக்டிவ் டைரக்டரிதான், ரிப்போர்ட்டும் வேர்டுல கேக்குறான்.

ரூட்_ராஜா:
அதுவும் உள்ள ஓடுற விஎம்தான் சிவா, ரேம் என்ன மிச்சம்? விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபென்டர் வேற பேலோட் (அட்டாக் கோடு) ஃபைல் விண்டோஸ் பக்கம் போன உடனே முழுங்கிரும்.

மடிவாளா_பையன்:
ரூம்மேட் காளில பைத்தான் பேக்கேஜ் போட பிப் இன்ஸ்டால் அடிச்சாலே ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’னு எர்ரர் வருதுங்குறான், அப்ப பைத்தான் கோடிங் கஷ்டமா?

பழைய_சர்வர்:
அதுக்கு காளிய திட்ட முடியாதுப்பா, டெபியன் 12லயும் புது உபுண்டுலயும் அதே எர்ரர்தான் வரும். ப்ராஜெக்ட்டுக்குத் தனி பைத்தான் இடம் குடுக்குற வென்வ் போடு, டூல்ஸ்னா ஒவ்வொண்ணையும் தனியா போடுற பிப்எக்ஸ். சிஸ்டம் பைத்தான நோண்டக்கூடாதுன்னுதான் அந்தத் தடை.

நான் காளிய விஎம்ல பிரிச்சு வைக்கச் சொல்றது வேற காரணத்துக்கு. கத்துக்குறப்ப எவனோ கிட்ஹப்ல போட்ட எக்ஸ்ப்ளாய்ட் ஸ்கிரிப்ட இறக்கி சூடோ போட்டு (ரூட் அதிகாரத்தோட) ஓட்டுவ, அதுலயே மால்வேர் ஒளிச்சு வச்சவனெல்லாம் இருக்கான், அதே மெஷின்ல உன் ஆபீஸ் எஸ்எஸ்ஹெச் கீ, நெட் பேங்கிங் குக்கி எல்லாம் கிடக்கும். விஎம்னா ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு ஓட்டு, சந்தேகம் வந்தா பின்னாடி போயிடு. 2025 ஏப்ரல்ல காளிக்காரங்க, அப்டேட் அவங்களோடதான்னு உறுதி பண்ற ரெப்போ சைனிங் கீயவே தொலைச்சிட்டாங்க, புது கீய கையால இறக்குற வரைக்கும் ஆப்ட் அப்டேட் எல்லாருக்கும் ஃபெயில். அன்னைக்கு ஆபீஸ் வேலையும் அதே மெஷின்லன்னா மேனேஜர் கிட்ட என்ன சொல்லுவ?

8 ஜிபிக்கும் வழி இருக்கு. டெஸ்க்டாப் இல்லாத காளி விஎம், 2 ஜிபி குடுத்தா போதும், டெர்மினல்ல இருந்து எஸ்எஸ்ஹெச்ல உள்ள போ, பர்ப் மட்டும் வெளிய உபுண்டுல ஓடட்டும். டாக்கர் இமேஜும் இருக்கு, ஆனா காலியாத்தான் வரும், வேணுங்குற டூல நீதான் போட்டுக்கணும்.

ரூட்_ராஜா:
வைஃபைக்கு அப்பவும் அடாப்டர்தான?

பழைய_சர்வர்:
அதுக்கு மட்டும் இன்ஸ்டால் பண்ணாம யூஎஸ்பில இருந்தே ஓடுற லைவ் காளில பூட் பண்ணு. ஆஃப் பண்ணாலும் ஃபைல் அழியாம வைக்குற பெர்சிஸ்டன்ஸ் பார்ட்டிஷன என்க்ரிப்ட் பண்ணி வச்சா நோட்ஸும் அதுலயே இருக்கும், ரேமும் முழுசா கிடைக்கும், உள் கார்டும் தெரியும். கார்டு மானிட்டர் மோடு சப்போர்ட் பண்ணுதான்னு முன்னாடியே பாத்துக்கோ.

ரூட்_ராஜா:
அப்ப நேரா காளிதான பூட் ஆகுது, அதத்தான நானும் சொன்னேன் 😄 பென்டிரைவ் வேணாம் தம்பி, இழுக்கும், எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியா வாங்கு.

மடிவாளா_பையன்:
உபுண்டு எல்டிஎஸ் இறங்கிட்டு இருக்குண்ணே, பிஜி நெட்டுல நைட்டுக்குள்ள முடிஞ்சா சரி. சனிக்கிழமை எஸ்பி ரோடு போறேன், எஸ்எஸ்டியா இல்ல இன்னொரு 8 ஜிபி ரேமா, எத முதல்ல வாங்க?

ரூட்_ராஜா: எஸ்எஸ்டி.

பழைய_சர்வர்: ரேம்.