ரெண்டு ராத்திரி, அதே சோலோ: இது ஏமாத்தா இல்லையா?

சூலூர் சாக்ஸ்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வெள்ளிக்கிழமை அவிநாசி ரோட்டுல ஒரு அரங்கத்துல ஜாஸ் கச்சேரி. சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ்னு நாலு பேரு. 'ஆட்டம் லீவ்ஸ்'னு ஒரு பழைய பாட்டை எடுத்தாங்க. 32 பார், அதாவது 32 தாளச் சுத்து இருக்கற பாட்டு. அதை முழுசா ஒருக்கா வாசிச்சு முடிச்சா ஒரு கோரஸ். சாக்ஸ்காரர் மூணு கோரஸ் சோலோ வாசிச்சாரு, அதாவது அந்த நேரத்துல சொந்தமாத் தோணறதைத் தனியா வாசிக்கறது. கண்ணை மூடிக்கிட்டு, எல்லாம் அப்பத்தான் தோணுதுங்கற மாதிரி. நான் சொக்கிப்போய் போன்ல பதிஞ்சு வெச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பொழுதோட ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையில அதே நாலு பேரு. மறுபடியும் 500 ரூபா குடுத்துப் போனேன். அதே பாட்டு. ரெண்டாவது கோரஸ் அச்சு அசல் அதேங்க! மேல ஏறிப்போய், வழி தெரியாதவராட்டம் ரெண்டு சுரத்துல தயங்கி நின்னு, பொறவு எறங்குவாரு. வெள்ளிக்கிழமை அந்தத் தயக்கத்துக்குத்தான் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ஞாயித்துக்கிழமை அதே பார்ல அதே தயக்கம். வீட்டுக்கு வந்து ஒரு காதுல வெள்ளி, ஒரு காதுல ஞாயிறுன்னு மாட்டிக் கேட்டேன். சந்தேகமே இல்லை.

இதுல என் சாக்ஸ் வாத்தியார் வேற, சார்லி பார்க்கர்ங்கற பழைய ஜாஸ் சாக்ஸ் மேதையோட சோலோ ஒண்ணைக் குடுத்து ஆறு மாசமா மனப்பாடம் பண்ணச் சொல்றாரு. அப்ப 'அந்த நேரத்துல பொறக்கற இசை'ன்னு சொல்றதெல்லாம் சும்மாங்களா?

பீளமேடு பெபாப்:
ஏமாத்துதான். இதுல பேசவே ஒண்ணுமில்லை. எழுதி வெச்சு வாசிக்கறது தப்பில்லை, எழுதினதுன்னு சொல்லிட்டு வாசிக்கட்டும். ஆனா தயக்கத்தையே ஒத்திகை பார்த்து வாசிக்கறதுக்குப் பேரு நடிப்பு.

லீ கோனிட்ஸ்னு ஒரு ஆல்டோ சாக்ஸபோன்காரர், 2020ல காலமானாரு. கையில பழகின சொற்கட்டை, அதாவது சின்னச் சின்ன சுரத் துணுக்குகளைக் கோத்து வாசிக்கறதே அவருக்கு ஆகாது. மூலப்பாட்டை அப்படியே வாசி, அடுத்த சுத்துல கொஞ்சம் மாத்து, அதுக்கடுத்ததுல இன்னும் கொஞ்சம், இப்படிப் பத்துப் படியா விலகிப் போன்னு சொல்லிக்குடுத்தாரு. ஆயுசு முழுக்க அதே பத்து இருபது பழைய பாட்டுகளை வாசிச்சாரு, ஒருக்கா மாதிரி ஒருக்கா இருக்காது. ஜாஸ்னா அது.

கோபி கிளாரினெட்:
பெபாப் தம்பி ஒரே போடா போட்டுட்டீங்க. நான் கல்யாண பேண்ட் செட்டுல 22 வருசமா கிளாரினெட் வாசிக்கறவன். ஜாஸ் எனக்குத் தெரியாது, ஆனா நின்னு வாசிக்கறவன் கஷ்டம் தெரியும்.

கவுந்தப்பாடி பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார் வழியில நின்னு போச்சு. மண்டபத்து வாசல்ல ஒறம்பரை எல்லாம் நிக்குது, பொண்ணு வீட்டுக்காரர் என்னையே பார்த்துட்டு நிக்கறாரு. ஒரு பாட்டை முக்கால் மணி நேரம் இழுத்தேன். மொதல் பத்து நிமிசம் கையில இருந்த சரக்கு. அது தீர்ந்த பொறவு பத்து நிமிசம் வெறும் ஒப்பேத்தல், எனக்கே கூச்சமா இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் எங்கிருந்தோ ஒரு இழுப்பு வந்துச்சு பாருங்க, தவில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த இழுப்பைத்தான் எல்லாக் கல்யாணத்துலயும் வாசிக்கறேன். அது ஏமாத்தா? நான் கண்டுபிடிச்சது, எனக்கில்லாத உரிமையா? அடுத்த கல்யாணத்துக்கு வேணும்னே மட்டமா ஒண்ணு வாசிக்கச் சொல்றீங்களா?

திருப்பூர் பனியன்:
எங்கம்மா நாப்பது வருசமா அரிசிம்பருப்பு ஆக்குது. அளவு கெடையாது, தினமும் கைதான் அளவு. தினமும் ஒரே ருசி. அதை யாரும் ஏமாத்துன்னு சொல்லலை.

பீளமேடு பெபாப்:
இசைத் திரியில சோத்து உதாரணம் வந்தாச்சு. இனி உருப்பட்டாப்லதான்.

ஆர்.எஸ்.புரம் ரசிகை:
பெபாப் தம்பி, கோவப்படாதீங்க. நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக்குடுக்கறவ. எங்க வீட்டுக்காரர் ஜாஸ் பைத்தியம், முப்பது வருஷமா அதையும் கேட்டாகணும்னு என் தலையில எழுதியிருக்கு.

எங்க பக்கத்துலயும் ஆலாபனை, நெரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் மனோதர்மம்தான், பாடறப்பவே கற்பனை பண்றது. ஆனா ஸ்வரம் பாடி முடிக்கற கோர்வையை வீட்டுலயே கணக்குப் போட்டு வெச்சுண்டு வர்றது ஊரறிஞ்ச விஷயம். யாரும் அதுக்குச் சண்டைக்குப் போறதில்லை. கோர்வைக்குள்ள எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கறாங்கங்கறதைத்தான் கவனிப்போம்.

ஜாஸ்லயும் இது புதுசில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங்னு பழைய ஜாஸ் மேதை 1926ல 'கார்னெட் சாப் சூயி'ன்னு ஒரு இசைத்தட்டு போட்டாரு. துள்ளித் துள்ளி வரும், அப்பவே தோணினதுன்னுதான் நினைப்போம். ஆனா 1924லயே அதைத் தன் கையால எழுதிப் பதிப்புரிமைக்கு அனுப்பியிருக்காரு. தட்டுல இருக்கறது பெரும்பாலும் அந்தக் காகிதத்துல இருக்கறதுதான்! சூலூர் தம்பி, உங்க வாத்தியார் கையில திணிச்ச பார்க்கரும் அப்படித்தான். தாமஸ் ஓவன்ஸ்னு ஒருத்தர் பார்க்கரோட சோலோக்களை எழுதி எடுத்து 1974ல ஆய்வேடு குடுத்தாரு. சுமார் 100 சொற்கட்டு திரும்பத் திரும்ப வருதுன்னு பட்டியலே போட்டிருக்காரு.

சூலூர் சாக்ஸ்:
100தானா?! நான் மனப்பாடம் பண்றது 1945ல அவர் பதிஞ்ச 'கோ கோ'. அதுல ரெண்டாவது கோரஸ் ஆரம்பத்துல ஒரு நீள ஓட்டம் வருதுங்க. அது பழைய நியூ ஆர்லியன்ஸ் பாட்டு ஒண்ணோட கிளாரினெட் பகுதின்னு வாத்தியார் சொன்னாரு. அவ்வளவு வேகத்துல பறந்துட்டே பழசை எடுத்துச் சொருகியிருக்காரு மனுசன்.

கோபி கிளாரினெட்:
கிளாரினெட்டுங்களா! பார்த்தீங்களா, கடைசியில எங்காளுகிட்டத்தான் வந்து நிக்குது.

பீளமேடு பெபாப்:
அக்கா, ஆம்ஸ்ட்ராங் விவரம் சரி, ஒத்துக்கறேன். பார்க்கரையும் ஒத்துக்கறேன், ஆனா அதுல ஒரு வித்தியாசம் இருக்கு. 100 சொல்லைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ராத்திரியும் வேற வாக்கியம் பேசறது ஒண்ணு. ஒரே வாக்கியத்தை ரெண்டு ராத்திரி ஒப்பிக்கறது வேற. நாமளும் பழகின சொல்லை வெச்சுத்தானே பேசறோம்?

சாக்ஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1959ல பதிஞ்ச 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' எல்லாரும் கேட்டிருப்பீங்க. பல எடத்துல ரெண்டு தாளத் தட்டுக்கு ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கற சுரக்கூட்டம்) மாறும், வேகமோ பேய் வேகம். அவர் அந்தப் பாதையில வீட்டுலயே நடந்து நடந்து தேய்ச்சவரு, அருவியாட்டம் கொட்டறாரு. பியானோ டாமி ஃபிளானகன். கை தடுமாறி, வாக்கியம் துண்டு துண்டாப் போய், பாதியிலயே ஓய்ஞ்சுருவாரு. அதைச் சொல்லிச் சிரிக்கறவங்க உண்டு. எனக்கு அந்த இசைத்தட்டுல புடிச்சதே அந்த எடந்தான். உண்மையிலயே தெரியாத எடத்துல நிக்கற மனுசன் அவர் ஒருத்தர்தான். சூலூர்க்காரர் கேட்ட தயக்கம் அதோட பொம்மை.

ஆர்.எஸ்.புரம் ரசிகை:
அழகாச் சொன்னீங்க, ஆனா பாதிதான் சொன்னீங்க. அதே ஃபிளானகன் 1982ல கோல்ட்ரேன் நினைவா ஒரு தட்டு போட்டு, அதே பாட்டை அதுல நின்னு நிதானமா வாசிச்சுக் காட்டினாரே. தெரியாம நிக்கறதுதான் உசத்தின்னா அவர் எதுக்கு மறுபடி அங்க போனாரு? எங்களுக்கு ஒரு ராகத்துல மணிக்கணக்கா உட்கார்ந்துக்கலாம். கார்ட் அப்படி உட்கார விடாது, கதவு மூடறதுக்குள்ள அடுத்த அறைக்குப் போயாகணும். அந்த அவசரத்துல கைப்பழக்கம் இல்லாம எவராலயும் முடியாது. (ஆரம்பத்துல எனக்கு ஜாஸ் எரிச்சலா இருந்ததுக்கும் அந்த ஓட்டந்தான் காரணம்.)

காங்கேயத்தான்:
எனக்கு ஜாஸும் தெரியாது, சங்கீதமும் தெரியாதுங்க. படிச்சுட்டு வந்தேன், ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

எங்க பக்கம் அண்ணன்மார் சாமி கதையை (பொன்னர், சங்கர், அவங்க தங்கச்சி தங்காள் கதை) உடுக்கை அடிச்சுப் பாடுவாங்க. ராத்திரி ராத்திரியாப் போகும். பிரெண்டா பெக்குனு ஒரு மானுடவியல் ஆய்வாளர் 1965ல இங்க ஓலப்பாளையத்துல டேப்புல பதிஞ்சுட்டுப் போனாங்க. சின்னப் பையனா எங்கய்யன் மடியில உக்காந்து கேட்டவன் நானு, எங்கூர்ல பாடுனவரு வேற. கூட்டம் முழிச்சிருந்தா கொம்பன் பன்னியைக் குத்தற எடத்தை விடியற வரைக்கும் இழுப்பாரு. தூங்கி விழுந்தா ஒரு சிரிப்பு வேடிக்கையைச் சொருகுவாரு. முன்னால உக்காந்திருக்கற ஆளோட தோட்டம், கெணறு எல்லாம் கதைக்குள்ள வந்துரும். எங்கய்யனோட செவலைக் காளை ஒருக்கா சங்கரோட தொழுவத்துல நின்னுச்சு, எங்கய்யனுக்கு ரெண்டு நாளு பெருமை தாங்கலை.

ஆனா அண்ணன்மார் சாகற படுகளம் வந்துருச்சுன்னா ஒரு சொல்லு மாத்த மாட்டாரு. வருசா வருசம் அதே அடி, அதே சொல்லு, தங்காள் அழுவறதும் அதே எடத்துலதான். அங்கதான் ஆளுகளுக்கு அருள் வந்து விழும். நானும் அதே எடத்துலதான் அழுவேன், வரப்போவுதுன்னு தெரிஞ்சே.

திருப்பூர் பனியன்:
அண்ணா, நீங்க தனித் திரி ஆரம்பிச்சு எழுதுங்க.

பீளமேடு பெபாப்:
காங்கேயத்தார் சொன்னது நல்லாருக்கு. ஆனா அங்க கூட்டத்துக்கே அது மாறாதுன்னு தெரியும். அவிநாசி ரோட்டுல 500 குடுத்து உக்காந்தவருக்குத் தெரியாது. என் கட்சி மாறலை.

சூலூர் சாக்ஸ்:
நேத்து ராத்திரி மறுபடி ரெண்டையும் கேட்டேனுங்க. இந்தத் தடவை சாக்ஸை விட்டுட்டு டிரம்ஸை மட்டும். வெள்ளிக்கிழமை அந்தத் தயக்கம் வர்றப்ப டிரம்ஸ்காரர் பாட்டுக்கு அடிச்சுட்டே போறாரு. ஞாயித்துக்கிழமை அவருக்கு அது வரப்போவுதுன்னு தெரிஞ்சிருக்கு போல, சரியா அந்த எடத்துல கையை நிறுத்திட்டாரு. பின்னால சத்தமே இல்லை. சாக்ஸ்காரர் அந்த ரெண்டாவது சுரத்தை வெள்ளிக்கிழமையை விட ஒரு முழுத் தாளத் தட்டு எச்சா புடிச்சு நிக்கறாரு. நான் மொதல்ல அதே அளவுன்னு நெனச்சது தப்பு. எறங்கறப்ப ஒரு சின்னப் பிசிறு. ஞாயித்துக்கிழமை மட்டும்.

அது நெசமான தயக்கமா, இல்லை சாக்ஸ் வாயில அதிர்ற நாக்குக்கட்டை காய்ஞ்சு போச்சான்னு தெரியலைங்க.

பீளமேடு பெபாப்:
நாக்குக்கட்டைதான்.

கோபி கிளாரினெட்:
தம்பி, அந்த ரெண்டு பதிவையும் எனக்கு அனுப்பி வுடுங்க. வைகாசியில கல்யாணம் எச்சு. தயங்கி எறங்கற எடம் நல்லாருந்தா நான் எடுத்துக்கறேன்.