ரொட்டி மாவும் பஜெரோவின் அடித் தகடும்

குழு: ராகலை வீடும் பண்டாரவளை வீடும்

வெள்ளி

ஜீவன், இரவு 7:40
தோட்டத்து மேல் டிவிசன் பாதையில் இன்றைக்கும் கல் அடித்தது. பஜெரோவின் சம்ப்பில், அதுதான் அடியில் இருக்கும் எஞ்சின் ஒயில் தொட்டியில், ஒரு சின்னப் பள்ளம். ஒயில் கசியவில்லை.

அம்மா, 7:43
டித்வா புயலுக்குப் பிறகு அது பாதையா, ஆறு. சொன்னால் கேட்டால்தானே.

ஜீவன், 7:44
பிள்ளைத்தாச்சியை ஏற்றப் போனேன் அம்மா. அம்புலன்ஸ் தேயிலை ஸ்டோரடி வரைக்கும்தான் வரும் என்கிறார்கள்.

அம்மா, 7:45
சரி சரி. சாப்பிட வா.

பாலு மாமா, 8:10
மருமகனே, அந்த வண்டிக்குக் கம்பனி போட்ட அடித் தகடு எங்கே?

ஜீவன், 8:12
நான் வாங்கும்போதே இல்லை மாமா. முதல் வைத்திருந்தவர் ஒயில் மாற்ற இடைஞ்சல் என்று கழற்றி, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாராம்.

பாலு மாமா, 8:13
பழைய இரும்பில் போனதைப் பழைய இரும்பிலேயே தேடுவோம். கவின், நாளைக்கு உனக்கு வேலை இல்லைதானே?

கவின், 8:20
கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய வண்டிப் பாகக் கடைகளுக்குப் போ என்று நேரே சொல்லுங்கள் அப்பா.

சனி

கவின், காலை 10:52
[படம்]
மூன்று கதவு பஜெரோ ஒன்றை உடைத்து வைத்திருக்கிறார்கள். மச்சானுடைய அதே மொடல், 2.8 டீசல். தகடு மூன்று துண்டு: முன்னால் ஒன்று, சம்ப்புக்கு ஒன்று, டீசல் டாங்கிக்கு ஒன்று. மூன்றும் சேர்த்து 28,000 கேட்கிறார்.

பாலு மாமா, 10:55
ஸ்பெனரால் நாலு இடத்தில் தட்டு. மணி மாதிரிக் கேட்டால் நல்லது. செத்த சத்தம் வந்தால் துரு உள்ளே தின்றிருக்கும்.

கவின், 10:58
[குரல் பதிவு 0:06]

அம்மா, 10:59
கோயில் மணி மாதிரி இருக்கிறதே.

பாலு மாமா, 11:01
முன் துண்டு இரண்டும் பொருந்தும், முன் பாதிச் சட்டம் ஒன்றுதான். டாங்கித் துண்டு ஆகாது. மூன்று கதவு வண்டி 30 சென்டிமீட்டர் கட்டை, டாங்கி 75 லீட்டர்தான். ஜீவனுடையது ஐந்து கதவு, 92 லீட்டர். அதை விட்டுவிட்டு விலை பேசு.

கவின், 11:20
தனியாகக் கொடுக்க மாட்டாராம். மூன்றும் 24,000, எடுத்தால் எடு, இல்லாவிட்டால் போ என்கிறார். எடுத்துவிட்டேன்.

பாலு மாமா, 11:21
போல்ட்?

கவின், 11:21
போல்ட் இல்லை. கட்டரால் அறுத்துத்தான் கழற்றினார்களாம்.

பாலு மாமா, 11:23
அங்கேதான் இருக்கிறது சனியன். தகட்டை யாரும் பொருத்திவிடலாம். போல்ட்டில்தான் ஆளின் வேலை தெரியும்.

கவின், மாலை 4:30
பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தகட்டுக்கும் ஒரு சீட் காசு வாங்கினார் கண்டக்டர்.

ஞாயிறு

சுதா அக்கா, காலை 9:15
[படம்]
மாமா, உங்கள் மருமகன் வேலை பார்க்கும் அழகைப் பாருங்கள்.

பாலு மாமா, 9:16
ஜக் மட்டும்தான் தெரிகிறது. முட்டு எங்கே? ஜீவா, உடனே வெளியே வா. ராகலையில் சமதரை ஏது? பின் டயருக்குக் கல் வை, சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை அடுக்கு, அப்புறம் படு.

ஜீவன், 9:40
வைத்தாயிற்று மாமா. சம்ப் தகட்டைச் சும்மா பிடித்துப் பார்த்தேன், துளை எல்லாம் நேராக நிற்கிறது. ஆனால் தகட்டின் நடுவில் மேல்பக்கமாக ஒரு வீக்கம். பழைய அடி போல.

பாலு மாமா, 9:44
சம்ப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்தாயா? வீட்டில் ரொட்டிக்கு மா பிசைந்திருந்தால் ஒரு உருண்டை எடு. வீக்கத்தின் மேல் வைத்து, தகட்டைப் பூட்டு, திரும்பக் கழற்று. நசுங்கிய மாவின் கனம்தான் இடைவெளி.

அம்மா, 9:45
யார் வீட்டு மாவு தம்பி?

ஜீவன், 10:20
6 மில்லிமீட்டர்.

பாலு மாமா, 10:22
போதாது. அடுத்த கல்லில் தகடு வளைந்து அதுவே சம்ப்பைக் குத்தும். தகடே இல்லாமல் ஓடலாம், அதற்கு. இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வீக்கம் மேலே பார்க்க வைத்து, பெரிய சுத்தியலால் அடித்து இறக்கு. 15க்குக் குறையக் கூடாது.

ஜீவன், 11:35
17. மா இரண்டாம் உருண்டை.

அம்மா, 11:36
ஒயில் வாடை. கோழி கூடத் தொடவில்லை.

ஜீவன், பகல் 12:50
மாமா, ஒரு சிக்கல். சின்ன போல்ட் எல்லாம் ஏறிவிட்டது. பின்னால் குறுக்குச் சட்டத்தில் 10 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு. கடையில் புதிதாக வாங்கியதைப் போட்டேன். இரண்டு சுற்று போனது, அப்புறம் இறுகியது. ஸ்பெனருக்குக் குழாய் மாட்டி இழுத்தேன், உள்ளே நட் கழன்று சும்மா சுற்றுகிறது.

பாலு மாமா, 12:52
குழாய் மாட்டினாயா.

ஜீவன், 12:52
மாட்டினேன்.

பாலு மாமா, 1:05
கேள். ஜப்பான் வண்டியில் 10 போல்ட்டுக்குப் புரி, அதாவது பல்லுக்குப் பல் இடைவெளி, பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர். ஹார்ட்வெயார் கடைக்காரர் தருவது 1.5. கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், பழைய போல்ட்டோடு பக்கத்தில் ஒட்டிப் பிடித்தால் பல்லில் பல் உட்காராது. கையால் முழுக்க ஏறாத போல்ட்டுக்கு ஸ்பெனர் வைக்கவே கூடாது. சட்டத்துக்குள்ளே நட்டைச் சும்மா பொட்டு வெல்டிங்கில்தான் ஒட்டியிருப்பார்கள், முப்பது வருசத் துரு வேறு. அது கழன்றதில் புதுமை இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு விரல் அகலப் பட்டை இரும்பு ஒரு சாண் நீளம் எடு. நுனியில் துளை போட்டு, அதன் மேல் 1.25 புரி நட் ஒன்றை வெல்டிங் பண்ணச் சொல். குறுக்குச் சட்டத்தின் பக்கத்தில் கை நுழையாத ஓர் ஓட்டை இருக்கும், அதற்குள் பட்டையை வாலைப் பிடித்து விட்டு, துளைக்கு நேரே கொண்டு வா. வால் சட்டத்தில் முட்டி நிற்கும், நட் சுற்றாது. வெல்டிங்கை வண்டிக்கு வெளியே மேசையில் வைத்துச் செய். டாங்கிப் பக்கம் பொறி பறக்க வேண்டாம்.

போல்ட் தலையில் பலக் குறி 8.8 என்று அடித்திருக்க வேண்டும். ஒன்றும் அடிக்காத போல்ட் கேட் பூட்டத்தான் உதவும். புரிக்குக் கொப்பர் கிரீஸ் தடவு. அடுத்த முறை கழற்றப் போகிறவனும் மனிதன்தான்.

சுதா அக்கா, 1:07
மாமாவின் இந்த மெசேஜை ஃப்ரேம் போட்டு வைக்கலாம்.

திங்கள்

ஜீவன், மாலை 5:20
[படம்] [படம்]
வால் நட் வேலை செய்தது மாமா! ஓட்டைக்குள் விடத்தான் அரை மணி நேரம், தூண்டில் போடுகிற மாதிரி.

பாலு மாமா, 5:31
நல்லது. ஆனால் இரண்டாம் படத்தைப் பெரிதாக்கிப் பார். சம்ப் தகட்டின் முன் விளிம்பு, முன் தகட்டுக்குக் கீழே நிற்கிறது. லயத்துக் கூரைத் தகரத்தை மழைக்கு எதிராக அடுக்குவாயா? கல் முன்னாலிருந்து பின்னால் வழுக்கும். முன் தகட்டின் வால்தான் கீழே இருக்க வேண்டும். இப்படியே ஓடினால் முதல் கல்லே விளிம்பைக் கொக்கி போட்டு இழுக்கும்.

ஜீவன், 5:32
ஐயோ. திரும்பக் கழற்றுகிறேன்.

ஜீவன், இரவு 7:15
மாற்றியாயிற்று. ஸ்டோரில் கழித்துப் போட்ட பெல்ட்டில் துண்டு வெட்டி நடுவில் வைத்தேன், தடதடப்பு இல்லை.

பாலு மாமா, 7:18
சைலன்சர் குழாய்ப் பக்கம் பெல்ட் வைக்காதே, புகையும். மாதம் ஒருமுறை தகட்டுக்கு மேலே தண்ணீர் அடி. மானாப்புல் வந்து சிக்கிக் காய்ந்தால் அந்தச் சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறு

ஜீவன், காலை 11:10
நேற்று மேல் டிவிசன் போய் வந்தேன். அதே கல். கிரீச்சென்று வழுக்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான். தகட்டில் ஒரு கோடு.

கவின், 11:25
மச்சான், கந்தப்பளையில் ஒருவர் மூன்று கதவு பஜெரோவுக்கு டாங்கித் தகடு தேடுகிறார். 9,000 தருவாராம். அது எங்கே?

ஜீவன், 11:27
கொட்டிலில்தான் வைத்தேன், காணவில்லை. அம்மா?

அம்மா, 11:40
கோழிக்கூட்டுக்கு முன்னால் கானுக்கு மேலே போட்டிருக்கிறேன். மழையில் எத்தனை நாள் வழுக்கி விழுவது.

கவின், 11:41
அத்தை, 9,000 ரூபா!

அம்மா, 11:42
சுற்றிச் சிமெந்தும் பூசியாயிற்று மருமகனே.

பாலு மாமா, 11:44
போல்ட் போடவில்லையா அக்கா?

அம்மா, 11:45
சிமெந்துக்கு 1.25, 1.5 எல்லாம் கிடையாது தம்பி.