வெப்பவாட்டக் குலைவு: ‘சரிவு’ வேண்டாம் என்பதற்கு என் காரணங்கள்

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பிய அணுக்கரு இணைவுக் கலைச்சொல் பட்டியலில் temperature gradient driven instabilities என்பதற்கு ‘வெப்பநிலைச் சரிவால் உந்தப்படும் உறுதியின்மைகள்’ என்று இருந்தது. பொருளில் தப்பில்லை. ஆனால் வகுப்பில் ஒரு மணி நேரம் இதைப் பற்றிப் பேசுகிறவருக்கு மூச்சு வாங்கிவிடும். என் முன்மொழிவு ‘வெப்பவாட்டக் குலைவு’. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘சரிவு’. பேப்பரில் ‘தக்காளி விலைச் சரிவு’ என்று போட்டால் விலை குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதே மாதிரி ‘வெப்பநிலைச் சரிவு’ என்றால் பிளாஸ்மா, அதாவது அயனியும் எலக்ட்ரானுமாகப் பிரிந்துபோன சூடான வாயு, ஆறிப்போச்சு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். நாம் சொல்ல வருவது அதுவல்ல. டோக்காமாக் என்ற, பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் வளையக் கலத்தில், பிளாஸ்மாவின் நடுவில் கொதிக்கிறது, ஓரத்தில் அவ்வளவு சூடு இல்லை, இடைப்பட்ட தூரத்தில் வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதுதான் கேள்வி. பிரான்ஸில் கட்டிவரும் ஈட்டர் என்ற பெரிய டோக்காமாக்கில் நடுவே 15 கோடி டிகிரி என்று திட்டம். அங்கிருந்து ஓரத்துக்கு 2 மீட்டர்தான்.

‘வாட்டம் என்றால் முகவாட்டம், பயிர் வாட்டம்தானே’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பாளையங்கோட்டையில் மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்கிற எந்தக் கொத்தனாரிடமும் கேட்டுப் பாருங்கள். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அதையும் நம்பாமல் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றி, அது குழாய் வாய்க்கு ஓடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். நடுவில் தேங்கினால் ‘வாட்டம் பத்தல’ என்பார். இத்தனை அடிக்கு இத்தனை இறக்கம் என்ற கணக்கு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதேதான்.

அடுத்தது ‘உறுதியின்மை’. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். இன்மை என்பது ஒன்று இல்லாத நிலை. அது எப்படி வளரும்? இந்தத் துறையில் எதை எடுத்தாலும் ‘வளர்கிறது’, ‘இவ்வளவு வேகத்தில் வளர்கிறது’, ‘இந்த அலைநீளத்தில் வளர்கிறது’ என்றுதான் பேச்சு. ‘குலைவு வளர்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தாது.

எப்படி வளர்கிறது என்றால், டோக்காமாக்கின் வெளிப்பக்கத்தில் காந்தக் கோடுகள் வெளியே புடைத்து வளைந்திருக்கும், புலமும் அங்கே வலு குறைவு. அதனால் அயனிகள் மெல்ல மேலேயோ கீழேயோ நகரும். சூடான அயனி வேகமாக நகரும், ஆறினது பின்தங்கும். வெப்பநிலையில் எங்கோ ஒரு சின்ன நெளிவு விழுந்தால் போதும், இந்த வேக வித்தியாசத்தால் ஓரிடத்தில் நேர்மின்னூட்டம் கூடும், பக்கத்தில் குறையும், இரண்டுக்கும் நடுவே மின்புலம் பிறக்கும். அந்த மின்புலம் காந்தப்புலத்தோடு சேர்ந்து சூடான பகுதியை இன்னும் வெளியே தள்ளும், ஆறின பகுதியை உள்ளே கொண்டுவரும். நெளிவு பெரிதாகும். உட்பக்கத்தில் இதே நகர்வு நெளிவை அமுக்கிவிடும் என்பது வேடிக்கை. 1961லேயே ருடகோவும் சக்தேயெவும் இந்த அயனிக் குலைவைக் கணக்கில் காட்டிவிட்டார்கள்.

இதில் ஒரு வரம்பு உண்டு. பிசான அறுப்பில் களத்தில் நெல்லைக் குவிக்கும்போது ஒரு அளவுக்கு மேல் குவியல் செங்குத்தாகாது, மேலே கொட்டக் கொட்டப் பக்கவாட்டில் வழியும், இல்லையா? பிளாஸ்மாவிலும் வாட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் குலைவு கிளம்பி வெப்பத்தை வெளியே கடத்திவிடும். சூடேற்றும் திறனைக் கூட்டினாலும் வாட்டம் பெரிதாக ஏறாது. அதனால்தான் ஓர வெப்பநிலைக்கு இவ்வளவு மதிப்பு, அது உயர்ந்தால் நடுவும் உயரும். இதற்கு ‘வாட்ட வரம்பு’ என்று வைத்துவிடலாம், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

‘வெப்பத்தை விட்டுவிட்டு வாட்டக் குலைவு என்று சுருக்கலாமே’ என்ற யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அடர்த்திக்கும் வாட்டம் உண்டு, அது இந்த அயனிக் குலைவை அடக்கவும் செய்யும். ஜெர்மனியில் வெண்டல்ஷ்டைன் 7-எக்ஸ் என்ற பிளாஸ்மா இயந்திரத்தில் உறைந்த ஹைட்ரஜன் உருண்டைகளை உள்ளே செலுத்தி நடுவில் அடர்த்தியை ஏற்றியபோது அயனி வெப்பநிலை கூடியது. எந்த வாட்டம் என்று சொல்லாவிட்டால் பொருள் தலைகீழாகும்.

‘நிலைகுலைவு’ என்று முழுசாகச் சொல்லலாம் என்றவருக்கு: அதை வேறொன்றுக்கு ஒதுக்கி வைப்போம். சில மில்லிநொடிகளில் மொத்தப் பிளாஸ்மாவும் போய்விடுகிற விபத்து ஒன்று டோக்காமாக்கில் உண்டு, அதுதான் உண்மையான நிலைகுலைவு. நம்முடையது மில்லிமீட்டர் கணக்கில் நடக்கிற சில்லறைக் களவு. எலக்ட்ரான்களின் வெப்பநிலை வாட்டத்தால் வரும் வகை இன்னும் பொடிசு. டியூட்டிரியம் (கனமான ஹைட்ரஜன்) பிளாஸ்மாவில் அயனி வகையைவிடச் சுமார் 60 மடங்கு சின்னது. அயனி வெப்பவாட்டக் குலைவு, எலக்ட்ரான் வெப்பவாட்டக் குலைவு, சரிதானே?

வள்ளியூர் ஆசிரியர் ‘கூடங்குளத்திலும் இது நடக்குமா’ என்று கேட்டிருந்தார். இல்லை சார், அங்கே யுரேனியத்தைப் பிளக்கிறார்கள், பிளாஸ்மாவே கிடையாது. நம் நாட்டில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் காந்திநகர் போக வேண்டும், 1989லிருந்து அங்கே ஆதித்யா டோக்காமாக் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. குலைவு வளர்ந்து உண்டாகும் கொந்தளிப்பே தனக்குள் எதிரெதிர்த் திசையில் ஓடும் ஓட்டங்களை உண்டாக்கி, அவை சுழல்களைக் கிழித்துக் குலைவைக் குறைக்கும். பட்டியலில் ‘மண்டல ஓட்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள், படித்தால் ஒன்றும் தெரியவில்லை. ‘அடுக்கு ஓட்டம்’ எப்படி இருக்கும்? அதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குப் பட்டியலை அனுப்பியாக வேண்டும்.