இரண்டு ஸ்லோ குக்கரில் 25 பேருக்கு விருந்து: அளவும் நேரமும் சொல்லுங்கள்

விருந்துமேசை:
சனிக்கிழமை மாலை 7 மணிக்கு 25 பேர் வருகிறார்கள், அவர்களில் எட்டுப் பேர் சைவம். 6 லிட்டர் ஸ்லோ குக்கர் (மணிக்கணக்கில் மெதுவாக வேக வைக்கும் மின்சாரப் பானை) இரண்டு இருக்கிறது. ஒன்றில் பன்னுக்குள் வைத்துச் சாப்பிட உதிர்த்த சிக்கன், இன்னொன்றில் ராஜ்மா தக்காளிக் குழம்பு என்று யோசனை. ஆட்கள் வந்த பிறகு அடுப்படியில் நிற்கக் கூடாது, அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு வாங்கணும், எப்போது ஆன் பண்ணணும்? முந்தின இரவே எல்லாவற்றையும் பானையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா?

மிதமான சூடு:
6 லிட்டர் என்பது விளிம்பு வரைக்குமான கணக்கு. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 லிட்டர்தான் ஒழுங்காக வேகும். அதற்கு மேல் நிரப்பினால் நடுப்பகுதி சூடேற ரொம்ப நேரமாகும்.

சிக்கன் 17 பேருக்கு. எலும்பில்லாத தொடைக்கறி 2.5 கிலோ வாங்குங்கள். வெந்தால் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். தலைக்கு 100 கிராமுக்கு மேல் வரும். நெஞ்சுக்கறி வேண்டாம். அதில் கொழுப்பும் சவ்வும் குறைவு, மூன்று மணி நேரம் தாண்டினாலே நார் நாராக வறண்டுவிடும்.

பெரிய வெங்காயம் நான்கு, பூண்டு 10 பல், மிளகாய்த்தூள் 2 டேபிள்ஸ்பூன். இவற்றை அடுப்பில் எண்ணெய் விட்டு வெங்காயம் நிறம் மாறும் வரை வதக்கிவிட்டுத்தான் குக்கரில் போட வேண்டும். ஸ்லோ குக்கர் எதையும் சிவக்க வைக்காது, பச்சை வாசனை கடைசி வரை நிற்கும். கூட தக்காளி பேஸ்ட் 150 கிராம், வினிகர் 60 மில்லி, நாட்டுச் சர்க்கரை 50 கிராம், உப்பு 25 கிராம். தண்ணீர் 100 மில்லி போதும். மூடி போட்டே வேகுவதால் ஆவியாகாது, கறியே நிறைய தண்ணீர் விடும். அடுப்புச் சமையல் அளவை அப்படியே ஊற்றினால் சூப்தான் கிடைக்கும்.

பகல் 12 மணிக்கு குக்கரை லோ நிலையில் போட்டால் 6 மணிக்குள் முள்கரண்டி பட்டாலே பிரியும். கறியை வெளியே எடுத்து உதிர்த்துவிட்டு, பானையில் இருக்கும் சாற்றை அகலமான வாணலியில் பாதியாகச் சுண்ட வையுங்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறியில் சேர்த்துக் கிளறுங்கள். பன்னுக்குள் வைக்கிற கறி ஈரமாக இருக்கணும், சொட்டக் கூடாது.

நடுவில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் 20 முதல் 30 நிமிடம் கூடும். லோ, ஹை இரண்டும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் வரும், எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் வித்தியாசம். அதனால் நேரம் போதவில்லை என்றால் ஹையில் 3 முதல் 4 மணி நேரம் வைக்கலாம்.

பயறும்பானையும்:
ராஜ்மா பற்றி ஒன்று, இதில் அலட்சியம் கூடவே கூடாது. ஊற வைத்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அது கொதிநிலையில்தான் அழியும். 80 டிகிரி அளவிலேயே வெந்துகொண்டிருந்தால் நச்சு குறையாது, பச்சையாக இருந்ததைவிடக் கூடவே செய்யலாம். பயறு மெத்தென்று வெந்த மாதிரி தெரிந்தாலும் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்!

700 கிராம் காய்ந்த ராஜ்மாவை 8 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு விரலால் நசுக்கினால் நசுங்கும் வரை அடுப்பிலேயே வேகட்டும். பிரஷர் குக்கரில் வேக வைத்தாலும் சரி. அதற்குப் பிறகுதான் தக்காளி. முன்னாலேயே சேர்த்தால் புளிப்பு பயறை மெத்தென்று ஆக விடாது. நேரமில்லையா? டின் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது. 400 கிராம் டின் ஏழு வாங்கி வடித்தால் அளவு சரியாக வரும்.

வதக்கிய வெங்காயம் அரை கிலோ, நறுக்கிய தக்காளி 1 கிலோ, தண்ணீர் 600 மில்லி, லோவில் 5 மணி நேரம். தலைக்கு 150 மில்லி வீதம் 25 பேருக்கும் போதும். சைவக்காரர்களுக்கு மட்டும் என்று கணக்குப் போடாதீர்கள், எல்லோரும் எடுப்பார்கள். நீர்த்து இருந்தால் ஒரு கரண்டி பயறை மசித்துக் கலந்தாலே கெட்டியாகிவிடும். கிரீம் சேர்ப்பதாக இருந்தால் கடைசி 15 நிமிடத்தில், முன்னால் ஊற்றினால் திரியும். கொத்தமல்லித்தழை பரிமாறும்போதுதான்.

விருந்துமேசை:
டின்னே வாங்கிவிடுகிறேன். முந்தின இரவு கேள்விக்குப் பதில் வரவில்லையே? மேசையில் எத்தனை மணி நேரம் விடலாம்?

மூடிதிறவா:
முந்தின இரவு வேலையை முடிக்கலாம், ஆனால் பானையில் வேண்டாம். பீங்கான் பானை ஃப்ரிட்ஜில் குளிர்ந்துவிட்டால் சூடேற நேரம் பிடிக்கும், அதுவரை கறி கிருமி வளரும் சூட்டிலேயே கிடக்கும். குளிர்ந்த பானையைச் சூடான அடிப்பாகத்தில் வைத்தால் விரிசலும் விடலாம். நறுக்கிய கறி ஒரு டப்பாவில், வதக்கிய மசாலா இன்னொன்றில் என்று தனித்தனியாக வையுங்கள். உறைந்த கறியை முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி முழுக்க உருக விடணும்.

மேசையில் வார்ம் நிலையில் விடுங்கள். உணவு 60 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, சமையல் தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும், அதன்பின் ஓரம் காய ஆரம்பிக்கும். வார்ம் சூட்டைத் தக்கவைக்க மட்டுமே, ஆறியதைச் சூடாக்க அல்ல. ஆறிப்போனதை அடுப்பில் கொதிக்க வைத்துத்தான் திரும்ப ஊற்ற வேண்டும்.

ஒரு குக்கர் பெரும்பாலும் 200 முதல் 350 வாட்தான் இழுக்கும். ஆனாலும் கெட்டில் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் சேர்க்காதீர்கள். மேசையைச் சுவரோரமாகத் தள்ளி நேராகச் சுவர் பிளக்கில் செருகினால் ஒயரில் யார் காலும் தடுக்காது.

மிதமான சூடு:
பக்கத்துக்குச் சோறு வேண்டுமென்றால் ஸ்லோ குக்கரை நம்பாதீர்கள், கஞ்சிப்பதம் ஆகிவிடும். மசித்த உருளைக்கிழங்கு நல்ல தேர்வு: 4 கிலோ கிழங்கை அடுப்பில் வேக வைத்து, வெண்ணெயும் சூடான பாலும் சேர்த்து மசித்து ரைஸ் குக்கரின் வார்மில் வையுங்கள். மேலே கொஞ்சம் பால் தெளித்து அரை மணிக்கொரு முறை கிளறினால் இரண்டு மணி நேரத்துக்கு ஆடை கட்டாது. சின்ன ரைஸ் குக்கர் என்றால் இரண்டு தடவையாக நிரப்பிக்கொள்ளுங்கள்.